டிரம்முக்கு பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன், 8,500 ரூபாய் போச்சு

பழைய வண்டியின் பின் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம்மைக் கண்காட்சிக்கு எப்படி அழகாக்குவது என்று எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். இப்போது அதை நிதானமாக எழுதும் நிலையில் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், யாராவது ஒருவர் தப்பித்தாலும் போதும்.

என்னுடையது 96 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. அலாய் வீல் மாட்டிய நாளிலிருந்து ஒரே உறுத்தல். முன்பக்கம் டிஸ்க் பளபளக்கிறது, பின்பக்கம் டிரம் துருப்பிடித்த தோசைக்கல் மாதிரித் தெரிகிறது. வார்ப்பிரும்பு அல்லவா, கழுவிய மறுநாளே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோவையில் ஷோ.

ரீல்ஸ் போட்டே வியாபாரம் செய்யும் ஒரு மாடிஃபிகேஷன் கடை கண்ணில் பட்டது. டிரம்முக்கு சாண்ட் பிளாஸ்டிங் (மணல் பீய்ச்சித் துரு எடுப்பது), பவுடர் கோட்டிங் (பொடி பெயின்டைச் சூட்டில் உருக்கி ஒட்டுவது), புது பிரேக் ஷூ (டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் பாகம்), கூடவே டிஸ்க் போலத் தெரியும் கவர், எல்லாம் சேர்த்து 8,500 ரூபாய். போனில் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, சூடு தாங்குமா? ஊட்டி மலை இறங்குற வண்டி இது." கடைக்காரன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அண்ணா, எங்க அப்பாவே லேத் பட்டறைக்காரர்ணா. பிரேக் விஷயத்துல நாங்க விளையாட மாட்டோம்." அந்த வார்த்தையில் விழுந்தேன். அப்பா, பட்டறை என்றதும் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. டிரம்மைக் கூரியரில் போட்டு, 8,500 ரூபாயையும் அன்றே முழுசாக அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து டிரம் வந்தது. ஷூவும் இல்லை, கவரும் இல்லை. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நான் கேட்ட அடர்சாம்பல் நிறம். நானே மாட்டி, சரவணம்பட்டி வரை ஓட்டினேன். திரும்பும்போது பின்னால் டக் டக் என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் இடது வீல் நட்டுகள் கையாலேயே திரும்புகின்றன. மனைவியும் குழந்தையும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் கழற்றிப் பார்த்துத் தலையில் கை வைத்துவிட்டார். வீல் உட்காரும் முகத்தை டேப் ஒட்டி மறைக்காமல் அப்படியே கோட்டிங் போட்டிருக்கிறார்கள். வீல் அழுத்த அழுத்த அந்தப் பூச்சு நசுங்கும், நட்டின் பிடிப்பு போய்விடும். ஷூ உரசும் உள்பக்கத்திலும் பவுடர் படிந்திருக்கிறது. அதை எடுக்க லேத்தில் கடைந்து, டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தையும் தாண்டிவிட்டார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்துக் காட்டினார். சுவர் மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது, இனி காயலான் கடைக்குத்தான். பட்டறைக்காரர் மகனாம்!

கேட்டதற்கு முதல் நாள், "கூரியர்ல அடிபட்டிருக்கும்ணா." உள்பக்கம் கடைந்தது கூரியரா? இரண்டாம் நாள், "கோட்டிங் ஆள் லீவு." மூன்றாம் நாள், "நீங்க நட்டு முறுக்குற டார்க் சரியா வைக்கல." அப்புறம் மெசேஜைப் படிக்கிறான், பதில் இல்லை. நேற்று பிளாக். ஷூவுக்கும் கவருக்கும் சேர்த்து வாங்கிய பணம்தானே அந்த 8,500 ரூபாய்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சொன்ன டிப்ஸில் அவசரத்துக்கு இவ்வளவுதான். டிரம்மை வெளியூர் அனுப்பாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துரு எடுத்து, பிரேக் கிளீனரால் துடைத்து, சூடு தாங்கும் ஸ்ப்ரே பெயின்டை வெளிப்பக்கத்துக்கு மட்டும் மெலிதாக அடித்தால் போதும். உள்பக்கத்திலும் வீல் உட்காரும் முகத்திலும் ஒரு துளி படக்கூடாது. பழைய ஷூவின் லைனிங் (உரசும் பட்டை) தூளை ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிஸ்க் கவரே வேண்டாம். கருப்போ சாம்பலோ அடித்தால் டிரம் வீலுக்குள் மறைந்துவிடும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள்.

வண்டி இப்போது ஜாக்கியில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை போக முடியாது. இன்று காலை நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்தக் கடையின் புது விளம்பரத்தில் இருப்பது என் டிரம். அடையாளத்துக்கு நான் பஞ்ச் வைத்த மூன்று புள்ளி அப்படியே தெரிகிறது. கீழே "8,500 மட்டுமே" என்று போட்டிருக்கிறான்.