பழைய கூண்டுக்குள்ளேயா, சுவருக்கு வெளியேயா?

சோழவந்தான் அத்தை வீட்டில் மறுபடியும் விறகடுப்பு வேண்டுமாம். கறிக்குழம்புக்கு கேஸ் ஆகாது என்பது அத்தையின் கட்சி. அதை எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை. புகையில்லா அடுப்பு வாங்குவது எளிது. புகைபோக்கிதான் வம்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, ஒன்பது அங்குலச் சதுரக் கூண்டு அது. மாடி அறை எடுத்தபோது அதைப் பாதியில் பக்கவாட்டாக ஒடித்து, நாலடி தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள்.

கூண்டை அப்படியே பயன்படுத்தலாம் என்றார் கொத்தனார். செலவே இல்லை. நான் ஒப்பவில்லை. பழைய திறந்த அடுப்பு, புகையோடு அறைக் காற்றையும் வாரி இழுக்கும்; அதற்கு அகலமான கூண்டு சரி. புதிய அடுப்புக்கு நான்கு அங்குலக் குழாய் போதும். அதன் வாய் சுமார் 12.5 சதுர அங்குலம், கூண்டின் வாயோ 81. அவ்வளவு அகலத்தில் பரவும் புகை சூடிழந்து தயங்கும், சுவரெங்கும் கரி அப்பும். சுண்ணாம்பு இணைப்பு விட்ட இடங்களில் மாடிப் படுக்கையறைக்குள்ளும் கசியும். மணமில்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் அதோடு வரும்.

கூண்டுக்குள் குழாய் இறக்குவது நல்ல யோசனை. சுற்றிலும் செங்கல் இருப்பதால் சூடு நிற்கும், புகையை மேலே ஏற்றும் இழுவை கூடும். நேரான கூண்டாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஒடிசலில் கரி சேரும், மேலிருந்து விடும் தூரிகை அங்கே திரும்பாது. மாடிச் சுவரை உடைத்துத் துப்புரவுக் கதவு வைத்தாக வேண்டும். சேர்ந்த கரி ஒருநாள் பற்றிக்கொண்டால் பக்கத்தில் தேக்கு உத்திரம்.

ஆகவே வெளிச்சுவர் வழி. வெளியே நிற்கும் குழாய் சூடு ஆறிப்போகும் என்பது மெய்தான். குளிர் நாடுகளில் அதற்காகவே இரட்டைச் சுவர்க் குழாய் போடுகிறார்கள். மதுரை வெயிலில் அந்தக் கவலை பாதிக்குமேல் குறைகிறது. மார்கழி விடியலில் மட்டும் குழாயைச் சூடேற்ற முதலில் ஒரு பிடி ஓலையைக் கொளுத்த வேண்டியிருக்கும். செங்கோணமாகத் திரும்பும் எல்போவைத் தவிர்த்து, 45 பாகை வளைவு இரண்டு போடலாம். அடியில் கரி அள்ள ஒரு மூடி வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரைவிட மூன்றடியாவது உயர்த்தித் தொப்பி மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஆடிக்காற்று புகையை அடுப்படிக்கே திருப்பி அனுப்பும்.

குழாயில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் மலிவு, ஆனால் சூட்டில் விரிசல் விடும், அறுக்கும்போது பறக்கும் தூசு புற்றுநோய் தரும். ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் அந்தப் பூச்சு 420 பாகை செல்சியஸில் உருகும். காய்ந்த சீமைக்கருவேலம் கொழுந்துவிட்டால் அடுப்பின் வாயருகே அந்தச் சூடு எட்டாது என்று சொல்ல முடியாது. 304 தர எவர்சில்வர் விலை கூடத்தான், அதையே வாங்கினோம்.

கொத்தனார் மேல்குழாயைக் கீழ்க்குழாயின் வெளிப்பக்கமாகச் செருகப் பார்த்தார், மழைநீர் இறங்காதாம். மாற்றச் சொன்னேன். மேல்குழாய் உள்ளே இறங்கினால்தான் ஈரவிறகின் கரிப்பிசின் குழாய்க்குள்ளேயே வழியும். இல்லையென்றால் அத்தை போன பொங்கலுக்கு அடித்த வெள்ளையில் கறுப்புக் கோடு இறங்கும். மழைக்குத்தான் தொப்பி இருக்கிறதே.