கேபிள்காரரிடம் பேரமா, டிடிஎச்சிடம் முறுக்கா?

மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் எங்கள் மதுரை வீட்டு வாசலில் கேபிள் அண்ணன் வந்து நிற்பார். ஸ்கூட்டரை அணைக்க மாட்டார். அம்மா மூன்று நூறு ரூபாய்த் தாள்களை நீட்டுவார். அவர் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். ரசீது கேட்கும் பழக்கம் எங்களுக்கும் இல்லை, கொடுக்கும் பழக்கம் அவருக்கும் இல்லை. ஒரு மாதம் நானே வாசலில் நின்று, "அண்ணே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். "உங்களுக்குக் குறைத்தால் தெருவுக்கே குறைக்க வேண்டும், தம்பி" என்றார். சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதுபோல இதைக் கேட்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த முந்நூறு ரூபாயில் அவர் குறைக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்பதே எனக்குத் தெரியாது.

அதனால் கேபிள், டிடிஎச், இணையத்தோடு சேர்ந்து வரும் டிவி, மாதக் கட்டணமே இல்லாத அரசு டிஷ் என்று எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடு வரிசையாகப் பார்த்தேன்: எதில் பேசினால் விலை இறங்கும், எதில் பேசுவது வீண்?

முதலில் அந்த முந்நூறைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறை 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நம் மாதக் கட்டணத்தில் இரண்டு பகுதிகள். இணைப்புக்கான நெட்வொர்க் கட்டணம் ஒன்று. தேர்ந்தெடுத்த கட்டணச் சேனல்களின் விலை மற்றொன்று. இரண்டுக்கும் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. நெட்வொர்க் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அப்போது அதற்கு 100 சேனல்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு 200.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. நெட்வொர்க் 130, சேனல்கள் 110, ஆக 240. ஜிஎஸ்டி 43 ரூபாய் 20 காசு. மொத்தம் 283 ரூபாய் 20 காசு. நாங்கள் கொடுத்துவந்தது 300. மிச்சம் 16 ரூபாய் 80 காசு எந்தக் கணக்கிலும் வராமல், சில்லறை பார்க்காத முழுத்தொகை என்ற பெயரில் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல்.

இப்போது அண்ணனின் பங்கைப் பாருங்கள். மேலே சிக்னல் தரும் எம்எஸ்ஓ நிறுவனத்துக்கும் உள்ளூர் ஆபரேட்டருக்கும் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால், நெட்வொர்க் கட்டணத்தை 55-க்கு 45 என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது டிராய் விதி. 130-இல் 45 விழுக்காடு என்றால் 58 ரூபாய் 50 காசு. சேனல் விலையில் பெரும்பங்கு ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் போகிறது. விநியோகிப்பவர்களுக்குக் குறைந்தபட்சம் 20 விழுக்காடு. 110 ரூபாயில் 22. அதிலும் 45 விழுக்காடு, ஏறத்தாழ 10 ரூபாய்தான் அண்ணனுடையது. ஆக முந்நூறில் அவர் கைக்கு முறையாக வருவது எழுபதுக்கும் குறைவு. கம்பம் ஏறுவதும், மழையில் அறுந்த கம்பியைக் கட்டுவதும், வசூலுக்கு மூன்று முறை நடப்பதும் அந்த எழுபதுக்குள்தான். அவரிடம் போய் நூறு ரூபாய் குறையுங்கள் என்றால், வேலையும் பார்த்துவிட்டுக் கையிலிருந்தும் போடுங்கள் என்று கேட்பதாகிவிடும்.

அதனால் கேபிளில் விலைப் பேரத்தைவிடக் கொசுறுப் பேரம் நன்றாக நடக்கிறது. கீரைக்காரம்மா விலையில் பிடி கொடுக்க மாட்டார். ஆனால் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைப் பையில் போடுவார். கேபிள் அண்ணனும் அப்படித்தான். ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுத்தால் ஒரு மாதத்தைக் கழித்துக்கொள்வார், ஏனென்றால் வசூல் நடை மிச்சம். பழுதான செட்டாப் பாக்ஸைப் பணம் வாங்காமல் மாற்றித் தருவார். இரண்டாவது டிவிக்குக் கருணை காட்டுவார். இந்த இரண்டாவது டிவி விஷயத்தில் உச்சவரம்பு இருந்த காலத்தில் கருணை என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை: ஒரே வீட்டில் கூடுதல் டிவி இருந்தால் அதற்கு நெட்வொர்க் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2020 திருத்தமே சொன்னது. 130-க்கு அது 52 ரூபாய். முழுத்தொகையை இரண்டு முறை கட்டிக்கொண்டிருந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

"இது அரசு வைத்த விலை, நான் என்ன செய்ய?" என்ற பதில் இனிமேல் செல்லாது. 2024 ஜூலையில் டிராய் நெட்வொர்க் கட்டண உச்சவரம்பையே எடுத்துவிட்டது. ஊருக்கு ஊர், வாடிக்கையாளர் வகைக்கு வகை மாற்றி வைக்கலாம்; ஆனால் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். விநியோக நிறுவனங்கள் தாங்களாகத் தொகுக்கும் பேக்குகளில் தரக்கூடிய தள்ளுபடியும் 15 விழுக்காட்டிலிருந்து 45 வரை உயர்த்தப்பட்டது. கூட்டவும் வழி உண்டு, குறைக்கவும் வழி உண்டு. கேட்காதவருக்குக் குறைப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அரசு கேபிள் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அது வந்தபோது பேரமே தேவைப்படவில்லை. தனியார் இணைப்புக்கு நூற்றைம்பது கொடுத்தவர்கள் வரிசையாக மாறினார்கள். 2019-க்குப் பின் கட்டணச் சேனல் விலை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால் அந்தப் பழைய இடைவெளி இல்லை. பல தெருக்களில் அரசு இணைப்பையும் தனியார் இணைப்பையும் தருபவர் ஒரே அண்ணன்தான் என்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மிரட்டவும் முடியாது.

டிடிஎச் வேறு சாதி. அங்கே முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை; அழைப்பு மையத்தில் இருப்பவருக்குத் தள்ளுபடி தரும் அதிகாரமும் பெரும்பாலும் இல்லை. சென்னையில் இருக்கும் அக்கா ஒரு நிறுவனத்தை அழைத்து அரை மணி நேரம் பேசிப் பார்த்தாள். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம், மேடம்" என்பதுதான் கிடைத்தது. கோபத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டாள். இணைப்பு நின்ற மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: இன்று ரீசார்ஜ் செய்தால் கூடுதலாகச் சில நாட்கள். ஒரு வாரம் கழித்து அழைப்பு வந்தது. சலுகை சற்றுப் பெரிதாகியிருந்தது. இரண்டாம் வாரம் அவர்களே ஒரு மாதம் இலவசம் என்றார்கள். பேசிக் கிடைக்காதது பேசாமல் கிடைத்தது. இதற்குள் அக்காவின் மாமியார் தொடர் பார்க்கப் பக்கத்து வீட்டில் குடியேறியிருந்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அவர்கள் அப்படி இறங்கி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் நாட்டில் ஒரு காலத்தில் ஏழு கோடியைத் தொட்டார்கள். இப்போது ஆறு கோடிக்கும் கீழே. போகிறவரை நிறுத்தி வைப்பது புது ஆளைப் பிடிப்பதைவிட மலிவு. ஆனால் நம் கையும் முழுதாக ஓங்கவில்லை. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்குப் பயன்படாது. எண்ணை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்றுவதுபோல இங்கே முடியாது. "வேறு கம்பெனிக்குப் போகிறேன்" என்று முறுக்கிக்கொண்டால், பழைய பாக்ஸ் அலமாரிக்குப் போகும், புதுப் பாக்ஸுக்குப் பணம் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அக்காவுக்குக் கிடைத்த இலவச மாதத்தில் ஒரு முள்ளும் இருந்தது. சலுகைக்காகப் பேக்கை ஒருபடி உயர்த்தியிருந்தார்கள். மாதம் முடிந்ததும் உயர்த்திய விலையே பிடிக்கத் தொடங்கியது. சலுகை தருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு குறையும்?" அல்ல, "முடிந்த பிறகு எந்தப் பேக்கில் இருப்பேன்?". சந்தா முடிய நான்கு நாள் இருக்கும்போது அழைத்துக் கெஞ்சுவதைவிட, முடிந்த பிறகு ஒரு வாரம் பொறுப்பது நல்லது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீண்டகாலத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி தரலாம் என்று 2020-இலேயே விதி வந்துவிட்டது. வீடு மாறப் போகிறவர்கள் மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

கேபிளோ டிடிஎச்சோ, எந்தப் பேரத்தையும்விட அதிகம் இறக்கியது கத்தரிக்கோல்தான். சேனல் விலையை வாசலில் பேசி இறக்க முடியாது. 2019-இல் சன் டிவி 19 ரூபாய், கே டிவி 19 ரூபாய், விஜய் 17 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது, சென்னையில் இருப்பவருக்கும் சிவகாசியில் இருப்பவருக்கும் அதே விலை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வாரம் எதைப் பார்க்கிறார் என்று குறித்தேன். ஐந்து சேனல். நாங்கள் பணம் கட்டிக்கொண்டிருந்த பட்டியலில் ஒரு தெலுங்குத் திரைப்படச் சேனலும், பேரன் கல்லூரிக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூன் சேனல்கள் இரண்டும், எச்டி வடிவில் நான்கும் இருந்தன. நெட்வொர்க் கணக்கில் ஓர் எச்டி சேனல் இரண்டு சேனலாக எண்ணப்பட்டது, விலையும் கூடுதல். அம்மாவின் டிவி முப்பத்திரண்டு அங்குலம், அவர் கண்ணாடியும் பழையது. எச்டியை எடுத்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது: ஒரே நிறுவனத்தின் சேனல்களில் மூன்று நான்கு வேண்டுமென்றால் தனித்தனியாக எடுப்பதைவிடத் தொகுப்பு மலிவாக இருக்கலாம். கூட்டிப் பார்த்துவிட்டே வெட்ட வேண்டும். 110 ரூபாய் 70 ஆனது. வரியோடு சேர்த்து மாதம் 236.

இணையத்தோடு வரும் டிவியில் பெரிய நிறுவனங்களிடம் பேரம் நடக்காது. திட்டம் அச்சடித்த விலைதான். உள்ளூர் கேபிள்காரரே ஃபைபர் இணைப்பும் தருகிறார் என்றால் கதை வேறு. அதில் சேனல் நிறுவனத்துக்குப் பங்கு போகாததால் அவருக்கு அசைய இடம் உண்டு. "இணையமும் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன், இரண்டுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள்" என்றபோதுதான் எங்கள் அண்ணன் முதன்முறையாக ஸ்கூட்டரை அணைத்தார். நிறுவல் கட்டணம் போனது. கேபிளை அடியோடு விட்டு ஓடிடிக்கு மட்டும் மாறுவது அம்மா வயதுக்காரர்களுக்குச் சரிவராது: சன் தொடருக்கு ஒரு செயலி, விஜய்க்கு ஒன்று, ஜீ தமிழுக்கு ஒன்று என்று மூன்று சந்தா, மூன்று கடவுச்சொல். இணையம் அறுந்தால் டிவியும் போச்சு.

டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் இருக்கிறது. பிரசார் பாரதி நடத்துவது. டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கும் ஒரு முறைச் செலவோடு சரி. டிடி தமிழ் வரும், சன்னும் விஜய்யும் வராது. செய்தியும் பழைய பாட்டும் போதும் என்பவர் தோட்டத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இதைச் சொன்னதற்கு அம்மா பதிலே சொல்லவில்லை.

இந்த மாதம் அண்ணன் வந்தபோது புதுக் கணக்கின்படி 236 ரூபாய். அம்மா 250 ரூபாயை நீட்டினார். "சில்லறை இல்லை அம்மா, அடுத்த மாதம் கழித்துக்கொள்கிறேன்" என்றார். "அதற்கென்ன தம்பி" என்றார் அம்மா. பதினான்கு ரூபாயை எழுதினாரா என்று நோட்டை எட்டிப் பார்த்தேன். டிக் மட்டும்தான் இருந்தது.