ரெட்மி நோட் 4, லினியேஜ், 128 ஜிபி கார்டு: ரோமைத் திட்டும் முன் கார்டைப் பாருங்கள்

2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த ரெட்மி நோட் 4 இன்னும் பல வீட்டு மேஜை டிராயர்களில் உயிரோடு கிடக்கிறது. ஸ்னாப்டிராகன் 625, 5.5 அங்குலத் திரை, 4100 எம்ஏஎச் பேட்டரி. வாட்ஸ்அப், யூடியூப், பிள்ளைகளின் பாட வீடியோ, கடையில் கணக்குப் போட ஒரு இரண்டாவது போன் என்றால் இந்த சிப் இன்றும் போதும். போதாமல் போனது கம்பெனி மென்பொருள்தான். எம்ஐயுஐ 11-க்கு மேல் வரவில்லை, அதற்கு அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டும் 7-லேயே நின்றுவிட்டது. அதனால்தான் ஆர்வலர்கள் உருவாக்கும் இலவச ஆண்ட்ராய்டு வடிவமான லினியேஜ் ஓஎஸ் போடுகிறார்கள். இப்படிப் போனில் ஏற்றும் முழு மென்பொருளைத்தான் ரோம் என்பார்கள். 32 ஜிபி போதாமல் 128 ஜிபி கார்டையும் சேர்த்துச் செருகுகிறார்கள். நாலு நாளில் போன் தொங்க ஆரம்பித்தால் "ரோம் சரியில்லை" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

பெரும்பாலான நேரம் தீர்ப்பு தவறு. ரோம் நன்றாகத்தான் ஓடுகிறது. கார்டை "உள் சேமிப்பாக" மாற்றியதில்தான் வினை. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் ஒரு தப்பெண்ணம். எம்ஐயுஐயை எடுத்துவிட்டு எடை குறைந்த ரோம் போட்டால் இடம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். கூடாது. சிஸ்டத்துக்குத் தனிப் பகுதி, நம் கோப்புகளுக்குத் தனிப் பகுதி என்று இந்த போனில் முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். ரோம் சிறியதாக இருந்தால் சிஸ்டம் பகுதிக்குள் காலி இடம் வீணாகக் கிடக்கும். நம் பக்கம் இருக்கும் சுமார் 25 ஜிபி அப்படியேதான் இருக்கும். எம்ஐயுஐயோடு வந்த செயலிகள் அப்டேட் ஆகி அடைத்திருந்த சில நூறு எம்பி திரும்பக் கிடைக்கும், அவ்வளவே. இடத்துக்காக மட்டும் ரோம் மாற்ற நினைப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

இனி கார்டு. ஆண்ட்ராய்டு 6-இல் வந்த வசதி இது: மெமரி கார்டை அழித்து, பூட்டுச் சாவி போட்டுக் குறியாக்கம் செய்து, உள் சேமிப்பின் நீட்சியாக ஆக்கிக்கொள்ளலாம். எம்ஐயுஐ இதை மறைத்துவிட்டது. லினியேஜில் கார்டைச் செருகியதும் அறிவிப்பே வரும். தட்டினால் முடிந்தது. இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து. அந்தச் சாவி கார்டில் இல்லை, போனின் டேட்டா பகுதிக்குள் இருக்கிறது. நாளை ரோம் தகராறு செய்து, ரெக்கவரியில் (பழுது பார்க்கவும் ரோம் ஏற்றவும் தனியாகத் திறக்கும் திரை) போய் "ஃபார்மட் டேட்டா" கொடுத்தீர்கள் என்றால் சாவியும் சேர்ந்து போய்விடும். கார்டில் இருக்கும் படங்கள் அழியவில்லை, ஆனால் யாராலும் திறக்க முடியாது. கார்டு ரீடரில் போட்டால் கணினி "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். அழிந்த கோப்பை மீட்கும் எந்த மென்பொருளும் உதவாது. கல்யாணப் படங்கள் போய்விட்டன என்று கடைக்கு வருபவர்களில் இந்த வகையும் உண்டு. ரோம் மாற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்த வசதி ஆகவே ஆகாது.

அடுத்தது வேகம். கார்டு உறையில் எழுதியிருக்கும் "100 எம்பி" என்பது பெரிய கோப்பை ஒரே நீட்டாகப் படிக்கும் வேகம். செயலிகள் அப்படி வேலை செய்வதில்லை. அங்கங்கே நாலு கேபி, எட்டு கேபி என்று பொறுக்கிப் பொறுக்கி எழுதும். அதற்கான அளவுகோல் ஏ1 என்ற முத்திரை: வினாடிக்குக் குறைந்தது 1500 முறை படிக்க வேண்டும், 500 முறை எழுத வேண்டும். கிளாஸ் 10, யு1, யு3 எல்லாம் வீடியோ எடுப்பதற்கான அளவுகோல்கள். செயலிக்கு அவை ஒன்றும் சொல்லாது. அப்படியானால் 4000, 2000 என்று போட்டிருக்கும் ஏ2 வாங்கலாமே என்றால், வேண்டாம். ஏ2-வின் வேகம் கிடைக்க போன் பக்கத்திலும் அதற்குரிய ஏற்பாடு வேண்டும். இந்த போன் வந்த காலத்துப் போன்களில் அது கிடையாது. கூடுதல் பணம் கொடுத்து ஏ1 வேகத்தையே வாங்குவீர்கள்.

போலிக் கார்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 128 என்று மேலே அச்சடித்து உள்ளே 8 ஜிபி சிப் வைத்து விற்பது புதிதல்ல. போன் 128 என்றே காட்டும், முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதன் பிறகு எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது காற்றில் போகும். அப்போது செயலிகள் ஒன்றொன்றாகச் செத்து விழும். அதைப் பார்த்துத்தான் ரோமைத் திட்டுகிறார்கள். வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 போட்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். வினாடிக்கு 20 எம்பி எழுதும் சாதாரண ரீடரில் 128 ஜிபி நிரம்ப ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், படிப்பதற்கு அதற்கு மேல் ஒரு நேரம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். உண்மையான 128 ஜிபி கார்டு கணினியில் சுமார் 119 ஜிபி என்று காட்டும். அதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கிடும் முறை அப்படி.

இவ்வளவுக்கும் பிறகு உள் சேமிப்பு வேண்டும் என்றே இருந்தால், பாதி பாதியாகப் பிரிப்பது உத்தமம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி ஷெல்லுக்குள் போய் "எஸ்எம் லிஸ்ட்-டிஸ்க்ஸ்" என்று கேட்டால் கார்டின் எண் வரும், "டிஸ்க்:179,64" என்பது போல. அந்த எண் போனுக்குப் போன் மாறும். பிறகு "எஸ்எம் பார்ட்டிஷன்" என்று எழுதி, அந்த எண்ணையும் "மிக்ஸ்டு 50" என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், பாதி சாதாரணக் கார்டாகவும் பாதி உள் சேமிப்பாகவும் ஆகும். கார்டில் இருப்பது முழுக்க அழியும் என்பதை மறக்க வேண்டாம். படமும் பாட்டும் சாதாரணப் பாதியில் இருக்கட்டும். அதை எந்தக் கணினியிலும் எடுத்துப் படிக்கலாம்.

கார்டை உள் சேமிப்பாக மாற்றிய பிறகு வரும் சில அறிகுறிகள்: போனை அணைத்துப் போட்டதும் சில செயலிகளின் ஐகான் மங்கலாகி, தட்டினால் "நிறுவப்படவில்லை" என்று வந்தால், கார்டு தாமதமாக எழுகிறது. இரண்டு நிமிடம் பொறுத்தும் வராவிட்டால் டிரேயில் தொடர்பு சரியில்லை. "கார்டு எதிர்பாராமல் அகற்றப்பட்டது" என்று அடிக்கடி வந்தாலும் அதே. கார்டின் தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். டிரே வளைந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பாருங்கள். "ஆதரிக்கப்படாத கார்டு" என்று வந்தால் கார்டு கெட்டதாகப் பொருளில்லை: 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும், ரோமிலோ ரெக்கவரியிலோ அந்த வடிவம் தெரியாமல் இருக்கலாம். போனிலேயே ஃபார்மட் செய்தால் தீரும். கணினியில் ஃபேட்32 ஆக்கினால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது.

இந்த போனில் கார்டு போட்டால் ஒரு சிம்மை இழக்க வேண்டும். இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே குழி. இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு இதுதான் உண்மையான விலை. சிம்மைச் சூடாக்கிப் பெயர்த்து, சிப்பை மட்டும் கார்டின் முதுகில் ஒட்டிச் செருகும் வித்தை ஒன்று உண்டு. ஒட்டிய தடிமன் குழிக்குள் மாட்டிக்கொண்டு, இழுக்கும்போது உள்ளே இருக்கும் பின்களை வளைத்துவிடும். பிறகு இரண்டு சிம்மும் போச்சு. செய்யாதீர்கள்.

ரோம் போடும் வேலைக்கு வருவோம். இங்கே முதல் பொறி பெயர். ரெட்மி நோட் 4 என்ற பெயரில் மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 போட்ட இன்னொரு போன் சீனாவில் வந்தது. அதன் கோப்பும் இதன் கோப்பும் ஒன்றுக்கொன்று ஆகாது. அமைப்பில் போனைப் பற்றிய பக்கத்தில் எட்டு கோர் என்றால் நம்முடையது, பத்து கோர் என்றால் மற்றது. ரோம் கோப்பின் பெயரில் "மிடோ" என்று இருக்க வேண்டும், அதுதான் நம் போனின் உட்பெயர்.

வேறு ரோம் ஏற விடாமல் தடுக்கும் பூட்டான பூட்லோடரைத் திறக்க மி கணக்கோடு போனை இணைத்துக் காத்திருக்க வேண்டும். 168 மணி நேரம் பரவலாகக் காண்பது. இணைக்கும்போது வைஃபை அணைத்து சிம் டேட்டாவில் இருங்கள். இடையில் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி இணைத்தால் காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஓடும். திறந்ததும் போனில் இருப்பதெல்லாம் அழியும். ஃபாஸ்ட்பூட் திரையில் (கணினியிலிருந்து மென்பொருள் ஏற்றும் நிலை) போன் இருக்க, கேபிள் குத்தியதும் "எந்த விசையையும் அழுத்தி அணைக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து நின்றால் போன் கெடவில்லை. கணினியின் யுஎஸ்பி 3 துளையோடு ஒத்துப்போகவில்லை. ரைசன் கணினிகளில் இது அடிக்கடி. பழைய யுஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகிவிடும். டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் கவலையில்லை. போனில் 60 சதவீதத்துக்குக் குறைவாகச் சார்ஜ் வைத்து ஆரம்பிக்க வேண்டாம்.

கம்பெனி ரெக்கவரிக்குப் பதிலாக டிடபிள்யுஆர்பி என்ற ரெக்கவரி ஏற்றியதும் நேரே ரோமுக்குப் போகாதீர்கள். இஎஃப்எஸ், பெர்சிஸ்ட் என்ற இரண்டு பகுதிகளையும் பேக்கப் எடுத்துக் கணினியில் வையுங்கள். போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் அங்கேதான் வாழ்கிறது. பின்னால் சிக்னல் போனால் இது ஒன்றுதான் மருந்து. ரெக்கவரி ஏற்றிய பிறகு போனைச் சாதாரணமாக எழுப்பினால் எம்ஐயுஐ தன் ரெக்கவரியையே திரும்பப் போட்டுக்கொள்ளும். அதனால் வால்யூம் அப், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தி நேரே ரெக்கவரிக்குள் போங்கள். உள் சேமிப்பு 0 எம்பி என்று காட்டினால் பழைய குறியாக்கம். "ஃபார்மட் டேட்டா" கொடுத்து "yes" என்று தட்டச்சு செய்ய வேண்டும், மேலோட்டமாக அழிக்கும் வெறும் வைப் போதாது.

ரோம் ஏற்றும்போது "எரர் 7" வந்தால் பலரும் கோப்பைப் பிரித்து, போன் மாடலைச் சரிபார்க்கும் வரிகளை அழிக்கச் சொல்வார்கள். அந்த வரி காவல்காரன். முதலில் ரெக்கவரியைப் புதுப்பியுங்கள், பிறகு ரோம் கேட்கும் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் அடிமென்பொருள்) கோப்பை ஏற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும். கூகுள் செயலித் தொகுப்பை ஏற்றும்போது "எரர் 70" என்றால் சிஸ்டம் பகுதியில் இடமில்லை. பிகோ அல்லது நானோ அளவு எடுங்கள், ஏஆர்எம்64 என்பதையும் ஆண்ட்ராய்டு எண்ணையும் பொருத்துங்கள். ரோமோடு சேர்த்து, முதல் முறை எழுப்புவதற்கு முன்பே ஏற்ற வேண்டும். பிறகு ஏற்றினால் ஓயாமல் "நின்றுவிட்டது" என்று வரும்.

எல்லாம் கைவிட்டால் எம்ஐ ஃப்ளாஷ் என்ற கணினி மென்பொருள் வழியாகக் கம்பெனி மென்பொருளுக்கே திரும்பலாம். அதன் அடிவரிசையில் "கிளீன் ஆல் அண்ட் லாக்" என்பதுதான் முன்பே தேர்வாகி இருக்கும். அதை "கிளீன் ஆல்" என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் 168 மணி நேரம் காத்துத் திறந்த பூட்டு மறுபடி விழுந்துவிடும்.

ஒரு கெட்ட செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம். ஃபார்மட் செய்கிறீர்கள், வெற்றி என்று வருகிறது. எழுப்பினால் பழைய படங்களும் செயலிகளும் அப்படியே நிற்கின்றன. அதிசயமில்லை: உள்ளே இருக்கும் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் ஆயுள் முடிந்து, எழுத மறுத்துவிட்டது. எந்த ரோமும் காப்பாற்றாது. யுஎஃப்ஐ, ஈசி ஜேடாக் போன்ற, சிப்பைப் படிக்கும் பெட்டி வைத்திருக்கும் கடையில் சிப்பின் ஆயுள் மதிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். 01 என்றால் ஆயுளில் பத்து சதவீதத்துக்குள் தீர்ந்திருக்கிறது, ஒவ்வொரு படியும் பத்துப் பத்தாகக் கூடும், 0பி என்றால் எல்லை தாண்டிவிட்டது. சிப் மாற்றி 64 ஜிபி ஆக்கித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. இந்த ரகப் போன்கள் பலவற்றில் ரேமும் சேமிப்பும் ஒரே சிப்பாக இருப்பதால், கழற்றிய பழைய சிப்பைத்தான் மாட்டுவார்கள். அந்தப் பழைய சிப்பின் ஆயுள் எண்ணையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

சிக்னலைப் பொறுத்தவரை ரோமிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஜியோவில் 2ஜியும் 3ஜியும் இல்லை என்பதால் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டிஇ வேலை செய்யாத ரோமில் ஜியோ அழைப்பு போகவே போகாது. ஏர்டெல் என்றால் 2ஜிக்கு இறங்கியாவது பேசும். ரோம் போட்ட அன்றே அழைத்துப் பாருங்கள். பிஎஸ்என்எல் 4ஜி பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28, இந்த போனின் வன்பொருளிலேயே இல்லை. உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ பிஎஸ்என்எல் டவரை நம்பியிருப்பவர் ரோம் மாற்றி அதைக் கொண்டுவர முடியாது. பூட்லோடர் திறந்த போனில் வங்கிச் செயலிகள் பலவும் பணம் அனுப்பும் செயலிகளும் முரண்டு பிடிக்கும். ஆகவே இதை முதல் போனாக வைக்க நினைக்காதீர்கள்.

மதிப்பெண் என்று கேட்டால் ரோமுக்கு ஐந்தில் நாலு, சாதாரணக் கார்டாக வைத்த 128 ஜிபிக்கு நாலு, உள் சேமிப்பாக்கிய அதே கார்டுக்கு ஒன்றரை. சித்திரை வெயிலில் வண்டி டேங்க் கவருக்குள் போனை வைத்துக்கொண்டு மேப் பார்த்து ஓட்டுபவர்களுக்கு அந்த ஒன்றரையும் கிடையாது. கார்டு சூடேறினால் தொடர்பு அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.