மூன்று நாள் குளிர், அப்புறம் புதுப்பேட்டை

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஏசியிலிருந்து அனல் காற்று அடித்தது. கேஸ் அடித்து மூன்றே நாள். அக்னி நட்சத்திரம் வேறு. பின்சீட்டில் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தார்.

அப்பாவின் 1995 மாருதி ஜென். நான் இருக்கும் சிங்கப்பூரில் ஒரு காருக்கான உரிமைச் சான்று 10 வருடம்தான். இந்த வண்டி அங்கே எப்போதோ பழைய இரும்பாகியிருக்கும். இங்கே எஃப்.சி. காட்டி இன்னும் ஓடுகிறது. அந்தப் பெருமையில்தான் ஊருக்கு வந்ததும் ஏசியைச் சரிசெய்யக் கொடுத்தேன்.

வீட்டுப் பக்கத்துக் கடையில் லீக் இருக்கிறதா என்றே பார்க்காமல் கேஸ் அடித்து 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். திரும்பப் போய்க் கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் மூன்று நாளில் எப்படித் தீரும்? குறைந்தால் எங்கோ ஓட்டை. சிங்கப்பூரில் என்றால் பில்லை நீட்டிச் சண்டை போட்டிருப்பேன். இங்கே பில்லே தரவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை எனக்கு.

சித்தப்பா மகன்தான் புதுப்பேட்டைக்கு அனுப்பினான். காலேஜ் நாளில் சைடு மிரர் தேடி அலைந்த அதே சந்துகள், அதே கிரீஸ் வாசனை. மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "கேஸ் இப்ப அடிக்க மாட்டேன் சார். ஓட்டையைப் பாக்கணும்."

நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு ஜாயின்டாகப் பார்த்தார். கடைசியில் ஓட்டை இருந்தது டேஷ்போர்டுக்குப் பின்னால், கூலிங் காயிலில். ஊசி முனை அளவு. இன்னொன்றும் சொன்னார்: இது ஆர்-12 என்ற பழைய கேஸ் கால ஏசி; யாரோ பழைய ஆயிலை மாற்றாமலே 134ஏ என்ற புது கேஸை ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆயில் இந்த கேஸோடு கலக்காது, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது, கம்ப்ரஸர் காய்ந்து போகும். காயில், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், ஓ-ரிங், ஆயில் எல்லாம் மாற்றி, 45 நிமிடம் வேக்கம் போட்டு உள்ளிருந்த காற்றை உறிஞ்சி, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ். நான் ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். மனசு ஆறியது.

டேஷ்போர்டு கழன்றிருந்ததால் மீட்டர் லைட்டையும் மாற்றச் சொன்னேன். முள் தெரியவில்லை என்று அப்பா இரவில் வண்டி எடுப்பதையே விட்டிருந்தார். கண்ணைக் குத்தும் நீல வெள்ளை வேண்டாம், மஞ்சள் எல்இடி போதும் என்றேன். இரண்டு எரியவில்லை, பிளஸ் மைனஸ் மாறியிருந்தது, திருப்பிப் போட்டதும் எரிந்தன. பேட்டரி விளக்கை மட்டும் பாய் தொடவில்லை. அந்த பல்பு வழியாகப் போகும் கரண்டில்தான் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கும், எல்இடியில் அது பத்தாது என்றார். இதை வேறு யாரும் யோசித்திருப்பார்களா?

11,500 ரூபாய். துண்டுச் சீட்டுதான், ஆனால் ஓ-ரிங் வரை ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருந்தது.

அன்று இரவே அப்பா மெரினா வரை ஓட்டினார். நாற்பதைத் தாண்டவில்லை, முள்ளைப் பார்த்துப் பார்த்தே ஓட்டினார்.