நந்தி மலையா, நாசிக்கா: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டப் பயணம்

ஒயின் சுவைக்கவும் மலையேறவும் விரும்பும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு, இரண்டே நாள் விடுமுறை என்றால், பெங்களூரைக் கடந்ததும் வரும் நந்தி மலை அடிவாரத்தையே நான் பரிந்துரைப்பேன். 1988இல் குரோவர் குடும்பத்தார் பிரெஞ்சுத் திராட்சை இரகங்களை நட்ட அத்தோட்டத்தில், கொடிகளையும் மரப்பீப்பாய்களையும் பார்த்துவிட்டுச் சுவைக்கும்போது, ஒயின் உருவாகும் விதமும் விளங்குகிறது. மறுநாள் விடியலில் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையில் ஏறலாம். வார இறுதிக் கூட்டத்தைத் தவிர்ப்பது நல்லது. வண்டி ஓட்டுபவர் மட்டும் கோப்பையைத் தொடவே கூடாது.

நாசிக் வெகு தொலைவு. ஆயினும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறுவடைக் காலத்தில் நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தால், சூலா முதலான பல தோட்டங்கள், அங்கேயே உணவகங்கள், கோதாவரி பிறக்கும் பிரம்மகிரி ஏற்றம் என அதன் வளம் நந்திக்கு இல்லை.