பழைய ஆர்எக்ஸ் 100-ஐ கஃபே ரேசர் ஆக்கக் கொடுக்கிறீர்களா? கழற்றியதெல்லாம் எங்கே போகிறது என்று பாருங்கள்

என் அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-இல் ஜப்பான் பிளாக், அதாவது பிஸ்டன் ஓடுகிற இன்ஜின் சிலிண்டர், இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போய் கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டுமாகப் பழைய ரேஸ் வண்டி மாதிரி, திரும்பி வந்தபோது அது இல்லை. மிகுனி கார்புரேட்டர் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, சேஸியின் பின்பக்கத்தில் ஒரு சாண் இரும்பும் இல்லை. இதற்கு நான் கொடுத்தது 92,000 ரூபாய். பழைய வண்டியை இப்படி ஒரு வேலைக்கு விடப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வண்டி 1986 மாடல். நம்பர் பிளேட்டில் டி-யில் தொடங்கும் பழைய மூன்றெழுத்து. அப்பா கோபியிலிருந்து கவுந்தப்பாடி சர்க்கரைச் சந்தைக்கும் தோட்டத்துக்கும் அதில்தான் போய்வந்தார். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி, நூறு கிலோ சொச்சம் எடை, அவ்வளவுதான். ஆரம்ப கால வண்டிகளுக்கு முக்கியமான பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தன. பிளாக்கில் 'மேட் இன் ஜப்பான்' என்று வார்ப்பிலேயே இருக்கும். அந்த எழுத்துள்ள பிளாக் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்தால் எங்கெங்கிருந்தோ ஆள் வந்து நிற்பார்கள்.

இன்ஜின் நம்பர் அடித்திருப்பது இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேசில். பிளாக், ஹெட், கார்புரேட்டர் எதிலும் வண்டிக்கென்று நம்பர் கிடையாது. ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது என் பிளாக் இல்லை' என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது. பழைய வண்டிகளில் கை வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வண்டியைக் கொடுக்கிற நமக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை.

கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கம் என்ன பஞ்சம்? தெருவுக்கு ஒரு லேத்துப் பட்டறை. ரேஸ் டிராக்கே செட்டிபாளையத்தில் இருக்கிறது. அதனால் கோவையில் ஒருவர் கஃபே ரேசர் செய்கிறார் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. நான் பார்த்த பட்டறையில் முகப்பெல்லாம் கண்ணாடி, சுவரில், கஃபே ரேசருக்குப் பேர்போன லண்டன் ஏஸ் கஃபேயின் பெரிய படம். உரிமையாளருக்கு முப்பது வயது இருக்கும், பேச்சு தேன்.

"அண்ணா, இது சும்மா ஆல்டரேசன் இல்லீங்ணா. பில்டு. சேஸில கையே வெக்க மாட்டோம். கழட்டுற ஒவ்வொரு சாமானும் மூட்டை கட்டி உங்க கைல குடுத்துருவோம். ஆர்டிஓ எண்டார்ஸ்மென்ட்டும் நாங்களே பாத்துக்கறோம்."

எண்டார்ஸ்மென்ட் என்றால் செய்த மாற்றத்தை ஆர்டிஓ ஆபீசில் ஆர்சியில் பதிந்து வாங்குவது. சேஸி, பழைய சாமான், ஆர்டிஓ என்று மூன்று வாக்குறுதி. மூன்றுமே பொய். ஐம்பதாயிரம் முன்பணம் போனது. அப்புறம் டேங்க் வேலைக்கு, பெயிண்ட்டுக்கு, 'ஆர்டிஓ செலவுக்கு' என்று தவணை தவணையாக மீதி. இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்ன வண்டிக்கு அரை வருஷத்துக்கும் மேல் ஆனது. நடுவில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். எல்லாம் டேங்க் படம், சீட் படம். இன்ஜின் தெரிகிற மாதிரி ஒன்றுகூட வராது. கேட்டால், "பாலிஷுக்குப் போயிருக்குங்ணா."

வண்டி கைக்கு வந்தபோது பார்வைக்குக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கரும்பச்சை டேங்க், தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டில், பின்னால் திமில் வைத்த ஒற்றை சீட், சீட்டுக்கு அடியில் முக்கோணமாக வெறும் வெளி. அந்த வெளிதான் இந்த ஸ்டைலில் எல்லோருக்கும் பிடிப்பது. ஆர்எக்ஸில் அந்த இடத்தில்தான் ஏர் ஃபில்டரும் பேட்டரியும் 2டி ஆயில் டேங்க்கும் இருக்கும். ஆயில் டேங்க் எங்கே என்று கேட்டேன். "சீட்டுத் திமிலுக்குள்ள சின்னதா செஞ்சு வெச்சிருக்கோம்ணா, ஃபுல்லா ஊத்தியாச்சு" என்றார்.

ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து உள்ளே போனால்தான் பிஸ்டனுக்கு வழுக்கல். யமஹா இதற்கு ஆட்டோலூப் என்று தனி பம்ப் வைத்திருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்குகிற அளவுக்கு ஏற்ப அது டேங்க்கிலிருந்து ஆயிலை எடுத்து இன்ஜினுக்குக் கொடுக்கும். அதனால் பங்க்கில் வெறும் பெட்ரோல் போட்டால் போதும். அந்த பம்ப்பைக் கழற்றிவிட்டால் லிட்டருக்கு முப்பது நாற்பது மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி வீங்கி பிளாக்கில் கவ்விக்கொள்ளும்.

பட்டறையில் ஓட்டிக் காட்டியபோது டேங்க்கில் இருந்தது ஆயில் கலந்த பெட்ரோல். என்னிடம் அதைச் சொல்லவில்லை. அவிநாசியில் ஒரு பங்க்கில் வெறும் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். நம்பியூர் வருவதற்குள் இன்ஜின் ஒரு மாதிரி கிணுகிணு என்றது, அடுத்த நிமிஷம் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரப் புழுதியில் நின்றது. முழங்கை தோல் மட்டும் போனது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்தது பெரிய புண்ணியம்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, அப்பாவுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் கோபி மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சீட்டைக் கழற்றினார். திமிலுக்குள் ஃபோமும் ஒரு பந்து வயரும்தான் இருந்தன, ஆயில் டேங்க் என்று எதுவும் இல்லை. பம்ப் இருந்த இடத்தில் ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். அடுத்து பிளாக்கைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் தம்பி, இது உங்கய்யன் வண்டிதானுங்களா?"

அப்பாவின் பிளாக்கில் சைலன்சர் பக்கம் ஒரு ஃபின்னின் (சூடு ஆற பிளாக்கைச் சுற்றி நிற்கும் தகடு) மூலை நக அளவு உடைந்திருக்கும். எப்போதோ கல் அடித்தது. இந்த பிளாக்கில் எல்லா ஃபின்னும் முழுசாக இருந்தன. ஜப்பான் எழுத்தும் இல்லை. சரி, எழுத்தைத் தேய்த்துவிட்டார்கள், ஃபின்னை வெல்டு வைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்த பிஸ்டன்? கடைசியாக அப்பாவின் பிளாக்கை ரீபோர் செய்தது, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியது, இதே அண்ணன்தான். அதற்கேற்ப அரை மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். ஹெட்டைத் திறந்தால் பிஸ்டன் தலையில் ஒரு மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது. என்னிடம் வாங்கிய காசில் ரீபோர் என்று ஒரு வரியும் கிடையாது. யாருடைய வண்டியிலிருந்தோ தேய்ந்த பிளாக்கைக் கழற்றி இதில் மாட்டிவிட்டு இதில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். கார்புரேட்டரும் அப்படித்தான், மிகுனிக்குப் பதில் பெயரில்லாத நகல்.

பழைய சாமான் என்று கட்டிக்கொடுத்த மூட்டையைப் பிரித்தோம். அதில் இருந்த மட்கார்டு ஸ்ப்ளெண்டருடையது! அண்ணனே சிரித்துவிட்டார்.

சேஸி விஷயம்தான் எனக்கு இன்னும் பயம். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே பைப்பை அறுத்து, ஒரு வளைவுக் கம்பியைச் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் ஒட்டவைத்து, மேலே பட்டி பூசி பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டியைச் சுரண்டினால் வெல்டிங்கில் ஊசி ஊசியாக ஓட்டை. ஓட்டுகிறவரின் எடை முழுக்க வந்து இறங்குகிற இடம் அது.

சைலன்சரையும் விடவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது சத்தத்தை அடக்க மட்டும் இருப்பதல்ல. உள்ளே விரிந்து சுருங்குகிற அதன் வடிவம்தான், எரியாமல் வெளியே நழுவும் பெட்ரோல் கலவையை அழுத்த அலையால் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அதை எடுத்துவிட்டு நேர்க் குழாய் மாட்டினால் சத்தம் ஊரைக் கூட்டும், இழுவை போய்விடும். லண்டனில் அறுபதுகளில் ஏஸ் கஃபே வாசலில் கூடிய பையன்கள் மணிக்கு நூறு மைலைத் தொட வேண்டும் என்பதற்காக வண்டியிலிருந்து வேண்டாததையெல்லாம் கழற்றினார்கள். இவர்கள் கழற்றியதெல்லாம் நல்ல விலைக்குப் போகிறவை.

ஆர்டிஓ எண்டார்ஸ்மென்ட் கதைக்கு வருகிறேன். இதைத் தமிழ்நாட்டில் பல பட்டறைகளில் சொல்கிறார்கள், நம்பவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு. ஆக, அறுத்தது அவர், மாட்டுவது நான். நிறம் மாற்றினால் ஆர்சியில் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. அறுத்த சேஸிக்கு எந்த முத்திரையும் கிடைக்காது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் சாரிகார்டும் பின் சீட்டும் இல்லாமல் இந்த வண்டி நின்றால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரருக்கும் கையை விரிக்க நல்ல காரணம்.

பட்டறைக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு நாள் "அண்ணா, அண்ணா" என்றவர், பிஸ்டன் படத்தை அனுப்பியதும் "சார்" ஆகிவிட்டார். "நீங்க ஆயில் கலக்காம ஓட்டுனதுக்கு நாங்க என்ன பண்றது சார்? ஓட்டிப் பாத்துத்தான எடுத்துட்டுப் போனீங்க?" அப்புறம் போனே எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, இது கொடுக்கல் வாங்கல் தகராறு, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

கஃபே ரேசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹேண்டில், சீட், டேங்க் நிறம் எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிற மாதிரி செய்கிற நல்ல கைகள் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் இருக்கின்றன. சேஸியில் ரம்பம் வைக்காமல் முடியாது என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். விடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் இன்ஜினின் எல்லாப் பக்கமும் வீடியோ எடுங்கள், பிளாக்கின் வார்ப்பெழுத்து தெரிய வேண்டும். பிளாக்கின் அடிப்பக்கத்தில், ஹெட்டில், கார்புரேட்டரில் உங்களுக்கு மட்டும் தெரிகிற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி பஞ்ச் அடித்து அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைத் தொடாத வேலை என்றால் இன்ஜினை இறக்கி வீட்டிலேயே வைத்துவிட்டு சேஸியை மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது. கழற்றுகிற நாளில் கூடவே நின்று, கழற்றின சாமானை அன்றைக்கே வண்டியேற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 'அப்புறம் மூட்டை கட்டித் தருகிறோம்' என்றால் ஸ்ப்ளெண்டர் மட்கார்டுதான் வரும். டூ ஸ்ட்ரோக் என்றால் எடுக்கும்போது ஆயில் பம்ப்பைக் கண்ணால் பாருங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கினால் பம்ப்பில் இருக்கும் சின்னக் கப்பி திரும்ப வேண்டும். பம்ப் இல்லை என்றால், எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்ததில் பெரும்பகுதி ஜிபேயில் போனதால் இப்போது கையில் ஆதாரம் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன், வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரையான வேலைக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். மெக்கானிக் அண்ணன் நோட்டோடு வந்து சாட்சி சொல்கிறேன் என்றிருக்கிறார். விசாரணை முடியும்வரை பட்டறை பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.