மலை ஏறிய வண்டி கடலோரத்தில்: சோஷி ரயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

லிஃப்ட் பராமரிப்புதான் என் வேலை. பழைய மோட்டாரைத் திறந்து வைத்துவிட்டு, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று நாள் முழுக்க அலைவது எனக்குப் பழக்கம். அதனாலேயே ஜப்பானின் சிபா மாகாணத்துக் கிழக்கு மூலையில் ஓடும் சோஷி மின்ரயிலின் மேல் எனக்குத் தனிப் பிரியம். மொத்தமே 6.4 கிலோமீட்டர், 10 நிலையங்கள். வேறு ஊர்களில் உழைத்துவிட்டு வந்த வண்டிகளை வைத்தே ஓட்டுகிறார்கள்.

டோக்கியோவிலிருந்து ஷியோசாய் எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சோஷியில் இறங்கி அதே நடைமேடையில் கோடி வரை நடந்தால் இந்த ரயில் நிற்கும். டிக்கெட்டை உள்ளே கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

போகும்போது எனக்கு 22000 வகை வண்டி கிடைத்தது. ஒசாகாவின் நன்காய் ரயில்வேக்காக 1969இல் செய்தது. கோயா மலைப் பாதையில் ஆயிரம் மீட்டருக்கு ஐம்பது மீட்டர் ஏற்றம். சமவெளியில் விரைந்து ஓடவும் வேண்டும், மலையில் நிதானமாக இழுத்து ஏறவும் வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுத்ததால் ஜூம் லென்ஸை நினைத்து 'ஜூம் கார்' என்று பெயர் வைத்தார்கள். அந்த வண்டிதான் 2024 மார்ச் முதல் இங்கே முட்டைகோஸ் வயல்களைத் தாண்டி ஓடுகிறது.

இதன் மின்சாரக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோஷி தடத்தில் 600 வோல்ட். நன்காயில் இது 1500 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே மாற்றிப் பொருத்தித்தான் இங்கே ஓட விட முடிந்தது. ஆனால் இந்த வண்டி பிறந்த 1969இல் நன்காயிலும் 600 வோல்ட்தான்; 1973இல்தான் 1500 ஆக்கினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, பிறந்தபோது பழகிய மின்சாரத்துக்கே திரும்பியிருக்கிறது!

புதிதாக வாங்கினால் என்ன என்று கேட்கலாம். இவ்வளவு சின்ன ரயில்வேக்கு அது கட்டுப்படியாகாது. பழையதும் சுலபமாகக் கிடைப்பதில்லை. பெரிய நகரங்களில் கழித்துக் கட்டும் பெட்டிகள் பெரும்பாலும் 20 மீட்டர் நீளம். சின்னத் தடத்துக்குத் தோதான 17, 18 மீட்டர் பெட்டிகள் வருடத்துக்கு வருடம் அருகிவருகின்றன. கிடைத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்வதன் அருமை என் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே புரியும்.

ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நகானோசோ நிலையம் யமாசா சோயா சாஸ் ஆலையை ஒட்டியே இருக்கிறது, கதவு திறந்ததும் அந்த வாசனை பெட்டிக்குள் வந்துவிட்டது. மோதோ சோஷி பக்கம் இரு புறமும் மரங்கள் கவிந்து, கொஞ்ச நேரம் எல்லாமே பச்சை. கசகாமி குரோஹாயேவில்தான் எதிர் வண்டி வழிவிடுகிறது. ஒற்றைத் தடம் என்பதால், அடுத்த பகுதிக்குள் போக ஓட்டுநருக்கு அனுமதி தரும் டோக்கனை அங்கே கைமாற்றுகிறார்கள். தோலுறை தொங்கும் பெரிய வளையம் அது. ஒருவர் நீட்ட, மற்றவர் வாங்கிச் சரிபார்த்துத் தலையசைத்த பிறகே வண்டி நகர்ந்தது. மோட்டாரின் முனகல் மெல்ல மெல்ல ஏறியது. எங்கள் பழைய லிஃப்ட் மோட்டார் ஒன்று அச்சு அசலாக இதே சுருதியில்தான் பாடும்.

கடைசி நிலையம் தோகாவா, 1923இல் பாதை திறந்த காலத்து மரக் கட்டடம். பக்கத்திலேயே ஓய்வுபெற்ற 801ஆம் எண் பெட்டி நிற்கிறது. அதுவும் இங்கே பிறந்ததல்ல, ஷிகோகு தீவின் மத்சுயாமாவில் இயோ ரயில்வேயில் ஓடியது. இதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். அப்படியே சரிவான தெருவில் இறங்கினால் மீன்பிடித் துறைமுகம்.

திரும்பும்போது 3000 வகை வந்தது. இது மூன்று ஊர் கண்ட வண்டி. டோக்கியோவில் கெய்யோ நிறுவனம், அப்புறம் அதே இயோ, 2016 முதல் இங்கே. கெய்யோவில் தண்டவாள அகலம் 1372 மில்லிமீட்டர், மற்ற இரண்டிலும் 1067. இயோவுக்குப் போனபோதே அடிச் சக்கரங்களை மாற்ற வேண்டியிருந்தது. முகம் இதற்குத்தான் அழகு. சத்தத்துக்கு என் ஓட்டு 22000க்கே.

இனுபோ நிலையத்தில் இறங்கி நுரே சென்பே வாங்கிக்கொள்ளுங்கள். அரிசித் தட்டையைச் சோயா சாஸில் ஊறவைத்தது. நம் ஊரில் தட்டை நமுத்துப்போனால் தள்ளி வைப்போம், இங்கே அந்த மெத்துமெத்துப்புதான் ருசி. 1995இல் விற்கத் தொடங்கினார்கள். 2006இல் கையில் காசில்லாமல், ரயிலைப் பழுதுபார்க்கப் பணம் தேவை, இதை வாங்குங்கள் என்று இணையத்தில் வெளிப்படையாகவே கேட்டார்கள். நாடெங்கிலுமிருந்து ஆர்டர்கள் குவிந்தன, ரயிலும் நிற்கவில்லை.

வண்டிகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுதான், ஆகவே நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் நான்கு பாக்கெட் வாங்கினேன். இரண்டு, திங்கட்கிழமை பணிமனையில் மோட்டார் கழற்றும் என் கூட்டாளிகளுக்கு.